ரீசெட் பொத்தானை அழுத்துவதற்கு முன்: ஆலை மோட்டார்களிலும் டிரைவ்களிலும் அறிகுறி வழியே பழுதைத் தேடும் முறை

அறுவடைக் காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் புதுவயல் பக்கம் போனால், அரிசி ஆலைகளின் ஓசையைக் கேட்டே எந்த மோட்டார் ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். ஊறிய நெல் அவிப்பதற்குக் காத்திருக்கும் நேரத்தில் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் மோட்டார் நின்றுவிட்டால், அங்கே இருப்பவர் எவராயினும் அவருடைய கை முதலில் ரீசெட் பொத்தானுக்குத்தான் போகிறது. ஒருமுறை அழுத்தினால் ஓடுகிறது. இரண்டாம் முறையும் ஓடுகிறது. மூன்றாம் முறை காயில் எரிந்த வாடை வருகிறது. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் பல ஆண்டுகள் பேனல் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான். மோட்டார் எரிவதற்குப் பெரும்பாலும் முதல் பழுது காரணமாக இருப்பதில்லை. அந்தப் பழுதைத் தேடாமல் மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்ததே காரணமாக இருக்கிறது. ஆகவே இந்த வழிமுறையை உதிரிப்பாகங்களின் வரிசையில் எழுதாமல், ஆலையில் நிற்பவர் கண்ணுக்கும் காதுக்கும் முதலில் தெரியும் அறிகுறிகளின் வரிசையில் எழுதுகிறேன்.

பேனலைத் திறப்பதற்கு முன்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எப்போது நின்றது என்பதே. கிளம்பும்போது நின்றதா, ஓடிக்கொண்டிருந்தபோது நின்றதா, நிறுத்த முயன்றபோது டிரிப் ஆனதா (பாதுகாப்புக்காகத் தானே துண்டித்துக்கொண்டதா) என்ற மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதித் தேடல் முடிந்துவிடும். அடுத்து, கடந்த சில நாட்களில் எதை மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். புதிய பெல்ட், வேறு புல்லி, காயில் கட்டி வந்த மோட்டார், பக்கத்தில் புதிதாக வைத்த வெல்டிங் இயந்திரம் என எதுவானாலும் அது பழுதோடு தொடர்புடையதாக இருக்கலாம். டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) இருந்தால், அதன் திரையில் உள்ள பழுதுக் குறியீட்டையும், அது பதிவு செய்து வைத்திருக்கும் அந்த நேரத்து ஆம்பியர், டிசி வோல்ட், அதிர்வெண் ஆகியவற்றையும் ரீசெட் செய்வதற்கு முன்பே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில டிரைவ்களில் மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் அந்தக் கடைசிப் பதிவு அழிந்துவிடும்.

மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகே உள்ளே கை வையுங்கள். டிரைவாக இருந்தால் அதுவும் போதாது. அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில், 415 வோல்ட் சப்ளையில் ஏறத்தாழ 586 வோல்ட் டிசி நிற்கும். திரை அணைந்த பிறகும் அது சில நிமிடங்கள் உயிரோடு இருக்கும். மூடியின் மேல் ஐந்து நிமிடம் அல்லது பத்து நிமிடம் என்று எழுதியிருக்கும் நேரம் முழுவதும் காத்திருந்து, பிளஸ், மைனஸ் டெர்மினல்களுக்கு இடையே மீட்டர் வைத்து 50 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கியதைப் பார்த்த பின்னரே ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும். மீட்டரை நம்புவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யப் போகும் இடத்தில் பாருங்கள், மறுபடியும் தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் மீட்டரின் வயர் அறுந்திருந்தால், இல்லாத பாதுகாப்பை அது இருப்பதாகக் காட்டிவிடும். டெஸ்டர் விளக்கை மட்டும் நம்பி 415 வோல்ட் பேனலில் கை வைக்கும் பழக்கத்தை இளைஞர்கள் அருள்கூர்ந்து விட்டுவிட வேண்டும்.

பொத்தானை அழுத்தினால் ஓசையே இல்லை

மோட்டாரைத் தொட வேண்டாம். பழுது கன்ட்ரோல் சர்க்யூட்டில் இருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காந்த சுவிட்சான கான்டாக்டருக்கும் ஒரு காயில் உண்டு; அதன் மேல் அது 415 வோல்ட்டா, 240 வோல்ட்டா, 110 வோல்ட்டா என்று எழுதியிருப்பதை முதலில் படித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் அந்தக் காயிலைச் சென்று சேரும் வழி ஏறத்தாழ எல்லா ஸ்டார்ட்டர்களிலும் ஒன்றேதான்: கன்ட்ரோல் பியூஸ், அவசர நிறுத்தப் பொத்தான், ஓவர்லோட் ரிலேயின் (ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே) 95–96 முனைகள், ஸ்டாப் பொத்தான், ஸ்டார்ட் பொத்தான், கடைசியாகக் காயிலின் ஏ1, ஏ2. மீட்டரின் ஒரு முனையைக் காயிலின் மறுபக்கப் பொதுமுனையில் நிறுத்திவிட்டு, மற்ற முனையை இந்த வரிசையின் நடுவில் வையுங்கள். வோல்ட் இருந்தால் பழுது காயில் பக்கப் பாதியில்; இல்லாவிட்டால் சப்ளை பக்கப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், இருபது முனைகள் உள்ள சர்க்யூட்டிலும் நாலைந்து அளவீட்டில் இடம் தெரிந்துவிடும். பொத்தானை விட்டதும் நின்றுவிடுகிறது என்றால், கான்டாக்டரின் 13–14 துணை முனை பிடிக்கவில்லை என்று பொருள்.

நம் பக்கத்துப் பம்ப் கொட்டகைகளிலும் ஆலைகளிலும் இந்த அறிகுறிக்குப் பெருங்காரணம் எறும்பு. துணை முனைகளின் இடையில் எறும்பு நசுங்கி, கருகி, மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. முனைகள் தொட்டாலும் மின்சாரம் போவதில்லை. பல்லியும் இப்படியே பேனலுக்குள் வந்து இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே செத்துக் கிடக்கும். கேபிள் நுழையும் ஓட்டைகளில் கிளாண்ட் போட்டு, பயன்படாத ஓட்டைகளை அடைத்துவிடுவதே இதற்கு மருந்து. கான்டாக்ட் முனைகளை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது அதன் வெள்ளிப் பூச்சைக் கெடுத்துவிடும். சுத்தமான துணியால் துடைத்தும் சரியாகவில்லை என்றால் அந்தத் துணை முனைப் பெட்டியையே மாற்றிவிடுங்கள்.

டிரைவில் பழுதுக் குறியீடு எதுவும் இல்லாமல் ஓட மறுத்தால், அது கட்டளை கிடைக்காமல் நிற்கிறது. ஓட்டக் கட்டளை கீபேடிலிருந்து வர வேண்டுமா, டெர்மினலிலிருந்து வர வேண்டுமா என்ற அமைப்பு மாறியிருக்கலாம். வேகக் குறிப்பு சைபரில் இருக்கலாம். அனுமதி முனைக்கு வர வேண்டிய 24 வோல்ட் வராமல் இருக்கலாம். டிரைவ் கெட்டுவிட்டது என்று கழற்றி வேனில் ஏற்றுவதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை. அல்லது சுற்றிக்கொண்டே சூடேறுகிறது

இந்த அறிகுறியில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இவ்வட்டாரத்தில் மோட்டார்களை அதிகம் கொல்வது இதுதான். உறுமல் கேட்ட அந்த நொடியே நிறுத்துங்கள். மூன்று ஃபேஸ்களில் ஒன்று போனால் நின்றிருக்கும் மோட்டார் கிளம்பாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரோ இரண்டு ஃபேஸ்களில் இழுத்துக்கொண்டு ஓடும். பிந்தையதே ஆபத்து. ஓடும் மோட்டார் தானே ஒரு மின்னாக்கி போலச் செயல்பட்டு, போன ஃபேஸிலும் ஏறத்தாழ முழு வோல்ட்டைக் காட்டிவிடும். வோல்ட்மீட்டரைப் பார்த்துவிட்டு மூன்று ஃபேஸும் இருக்கிறது என்று ஏமாந்தவர்கள் பலர். நானும் முதல் ஆண்டுகளில் ஏமாந்திருக்கிறேன். ஆகவே ஓடும்போது, வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரால் மூன்று வயரிலும் ஆம்பியரைப் பாருங்கள். வோல்ட்டை மோட்டாரை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

415 வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டரில் இன்னொரு நுட்பம் உண்டு. காயிலுக்குப் போகும் இரண்டு ஃபேஸ்களில் ஒன்று போனால் கான்டாக்டர் பொதுவாக விழுந்துவிடும். மூன்றாவது ஃபேஸ் போனால் கான்டாக்டர் பிடித்தபடியே இருக்கும், மோட்டார் எரியும். “ஒரு ஃபேஸ் போனால் தானாகவே நின்றுவிடுமே” என்று ஆலைக்காரர்கள் சொல்வது, மூன்றில் இரண்டு வேளை மட்டுமே உண்மை. ஒற்றை ஃபேஸ் தடுப்பு ரிலே வைப்பதற்கான செலவு, ஒருமுறை காயில் கட்டும் கூலியை விடக் குறைவு.

ஃபேஸ் முழுதாகப் போகாமல், வோல்ட் சமமில்லாமல் இருப்பது இன்னும் நுட்பமான பழுது. மூன்று ஜோடி ஃபேஸ்களில் 415, 408, 397 வோல்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி 406.7, அதிலிருந்து அதிகம் விலகியது 397, அதாவது 9.7 வோல்ட், ஏற்றத்தாழ்வு 2.4 சதவீதம். பார்க்கச் சிறிதாகத் தோன்றும் இந்த எண், மோட்டாரின் ஆம்பியரில் ஆறு முதல் பத்து மடங்காகப் பெருகும். அதாவது ஒரு வயர் மற்றவற்றை விடப் பதினைந்து, இருபது சதவீதம் கூடுதலாக இழுக்கும். அந்தக் காயில் மட்டும் வெந்துபோகும். கட்டப்போன கடையில் மோட்டாரைத் திறந்து பார்க்கும்போது காயில்கள் முழுவதும் கருகாமல் சில பட்டைகள் மட்டும் கருகியிருந்தால், அது லோடு கூடியதால் வந்த சாவு அல்ல. சப்ளையில் வந்த குறை என்று அந்தக் கருகலே சொல்கிறது. அந்த மோட்டாரைக் கட்டிக் கொண்டுவந்து அதே வயரில் மாட்டினால் அது மறுபடி எரியும்.

ஏற்றத்தாழ்வு சப்ளையிலா, மோட்டாரிலா என்று பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. எந்த வயரில் ஆம்பியர் அதிகம் என்று குறித்துக்கொண்டு, மெயினை நிறுத்தி, மோட்டார் முனைகளில் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ் வயர்களையும் ஒருபடி நகர்த்துங்கள்: ஆர் இருந்த இடத்தில் ஒய், ஒய் இடத்தில் பி, பி இடத்தில் ஆர். மூன்றையும் நகர்த்துவதால் சுற்றும் திசை மாறாது. மறுபடி ஓட்டிப் பார்க்கும்போது கூடுதல் ஆம்பியர் அதே சப்ளை வயரிலேயே நின்றால் குறை சப்ளையில். மோட்டார் முனையோடு சேர்ந்து நகர்ந்தால் குறை மோட்டாரில். பத்து நிமிட வேலைதான்.

ஒரு ஆலையில் எலிவேட்டர் மோட்டாரை ஒரே பருவத்தில் மூன்று முறை கட்டினார்கள். மூன்றாம் முறை என்னை அழைத்த ஆச்சி, “தம்பி, மோட்டாரையே புதுசா வாங்கிரலாமா?” என்று கேட்டார்கள். மோட்டாரில் குறை இல்லை. மெயின் போர்டின் பீஸ் கட்டையில், ஒய் ஃபேஸின் கவ்வு தளர்ந்து நீலம் பூத்திருந்தது. லோடு இல்லாதபோது 412 வோல்ட் காட்டிய அந்த ஃபேஸ், லோடு ஏறியதும் முப்பது வோல்ட் இறங்கியது. பீஸ் கட்டையை மாற்றியதோடு அந்தக் கதை முடிந்தது.

மூன்று ஃபேஸும் சமமாக இருந்தும் மோட்டார் திணறினால் வோல்ட் மொத்தமாகக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். சுழற்றும் விசை வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறையும். பத்து சதவீத வோல்ட் குறைந்தால் விசை பத்தொன்பது சதவீதம் குறைகிறது. நெல் நிரம்பி நின்ற எலிவேட்டரைக் கிளப்ப முடியாமல் போவதற்கு அது போதும். முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பிப் பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டரில், ஸ்டாரில் இருக்கும்போது விசை மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே லோடோடு கிளப்பினால் உறுமும்; டெல்டா கான்டாக்டர் பிடிக்காமல் ஸ்டாரிலேயே ஓடினாலும் ஆம்பியர் ஏறிச் சூடாகும்.

ஓவர்லோட் ரிலே அடிக்கடி விழுகிறது, அல்லது விழ வேண்டியபோது விழவில்லை

விழும் ரிலேயைத் திருகி அளவைக் கூட்டுவது, காய்ச்சல் வந்தவருக்கு வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பாகும். பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரையும் கிளாம்ப் மீட்டர் காட்டும் ஆம்பியரையும் ஒப்பிட்டு, உண்மையிலேயே லோடு கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் பெல்ட் இறுக்கம், பேரிங், கப்ளிங்கின் நேர்மை ஆகியவற்றைக் கையால் சுற்றிப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

விழாத ரிலேயைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர்களில் ரிலே பெரும்பாலும் மெயின் கான்டாக்டருக்குக் கீழே, காயில் வழியே போகும் மின்சாரத்தைப் பார்க்கும் இடத்தில் மாட்டப்பட்டிருக்கும். அங்கே ஓடுவது லைன் ஆம்பியரில் 58 சதவீதம் மட்டுமே. 10 எச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் ஏறத்தாழ 14 ஆம்பியர் எடுக்கும் என்றால், அந்த ரிலேயை 8.1 ஆம்பியருக்கு அருகில் வைக்க வேண்டும். பெயர்ப்பலகையைப் படித்து நேர்மையாக 14 என்று வைத்தவர், மோட்டார் 24 ஆம்பியர் இழுக்கும் வரை ரிலே வாய் திறக்காதபடி செய்துவிட்டார். இந்தத் தவறை நான் எண்ண முடியாத பேனல்களில் பார்த்திருக்கிறேன். உங்கள் பேனலில் ரிலே எங்கே மாட்டியிருக்கிறது என்பதை இன்றே பார்த்துவிடுங்கள்.

பெரிய உமி ப்ளோயர் போன்ற கனமான சுழலிகள் வேகம் எடுக்கவே பத்து நொடிக்கு மேல் ஆகலாம். கிளப்பும் ஆம்பியரில் பத்து நொடிக்குள் விழுந்துவிடும் கிளாஸ் 10 ரிலே அவற்றுக்குப் பொருந்தாது. கிளாஸ் 20 வேண்டும்.

கான்டாக்டர் படபடக்கிறது

கன்ட்ரோல் வோல்ட் காயிலின் அளவில் 85 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினால் கான்டாக்டர் உறுதியாகப் பிடிக்காது. படபடப்பு இல்லாமல் கனத்த ரீங்காரம் மட்டும் இருந்தால், காந்த முகத்தில் துரு அல்லது தவிட்டுத் தூசி படிந்திருக்கிறது, அல்லது அதில் பதித்த செம்பு வளையம் உடைந்திருக்கிறது. இரண்டு நிலையிலும் மெயின் முனைகள் பொறி விட்டு ஒட்டிக்கொள்ளும். ஸ்டாப் அழுத்தியும் மோட்டார் நிற்காத நிலை அப்படித்தான் வருகிறது.

டிரைவ்: ஓவர் கரண்ட் என்று காட்டி நிற்கிறது

கிளப்பிய அந்தக் கணமே டிரிப் ஆனால் ஷார்ட் இருக்கலாம். வேகம் எடுக்கும்போது ஆனால் வேகமெடுக்கும் நேரம் குறைவு அல்லது லோடு நெரிபட்டிருக்கிறது. ஓடும்போது திடீரென ஆனால் இயந்திரப் பக்கத்தைப் பாருங்கள். ப்ளோயர்களுக்குத் தனியே ஒரு காரணம் உண்டு. நிறுத்திய பிறகும் அது நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும்; வேறு ப்ளோயரின் காற்றால் பின்னோக்கியும் சுற்றும். அந்த நிலையில் டிரைவ் சைபரிலிருந்து கிளப்ப முயன்றால் ஆம்பியர் எகிறும். சுற்றும் மோட்டாரைப் பிடித்துக் கிளப்பும் வசதியை டிரைவ் அமைப்புகளில் இயக்கிவிட்டால் சரியாகிவிடும்.

பிரித்தறியும் சோதனை இது. காத்திருப்பு நேரம் முடிந்த பிறகு யூ, வி, டபிள்யூ முனைகளிலிருந்து மோட்டார் கேபிளைக் கழற்றி, டிரைவைச் சாதாரண வோல்ட்–அதிர்வெண் முறையில் தனியே ஓட்டுங்கள். அப்போதும் டிரிப் ஆனால் டிரைவின் வெளியேற்றப் பகுதி கெட்டிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீட்டரை டயோடு நிலையில் வைத்து, பிளஸ் முனைக்கும் மூன்று வெளி முனைகளுக்கும் இடையிலும், மைனஸ் முனைக்கும் அவற்றுக்கும் இடையிலும் பாருங்கள். ஆறு அளவும் 0.3 முதல் 0.5 வோல்ட் வரை ஏறத்தாழ ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சைபர் காட்டினால் உள்ளே உள்ள டிரான்சிஸ்டர் போய்விட்டது. தனியே ஓடும்போது டிரிப் ஆகவில்லை என்றால் பழுது கேபிளிலோ மோட்டாரிலோ இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. காப்பின் எதிர்ப்பை அளக்கும் மெக்கர் போடுவதானால் கேபிளை டிரைவிலிருந்து முழுதும் கழற்றிய பிறகே போட வேண்டும். மெக்கரின் 500 வோல்ட் டிரைவின் உள்ளே போனால், இல்லாத பழுதை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். அதுபோல, மின்காரணியைச் சரிசெய்யும் கெப்பாசிட்டரை டிரைவின் வெளி முனையில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு டிரைவ் மாட்டும்போது பழைய கெப்பாசிட்டரை மோட்டார் முனையிலேயே விட்டுவிடுவது, ஓவர் கரண்டுக்கு நான் கண்ட வியப்பான காரணங்களில் ஒன்று.

ஓவர் வோல்ட், அண்டர் வோல்ட்

ஓவர் வோல்ட் பெரும்பாலும் நிறுத்தும்போது வரும். கனமான சுழலி மெதுவாகும்போது மோட்டார் மின்னாக்கியாகி, மின்சாரத்தை டிரைவுக்குள் திருப்பி அனுப்புகிறது. 586 வோல்ட்டில் இருந்த டிசி, 800 வோல்ட்டை நெருங்கியதும் 400 வோல்ட் வகை டிரைவ்கள் தம்மைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். நிறுத்தும் நேரத்தை 5 நொடியிலிருந்து 30 நொடியாக்கினால் போதும். அவசரமாக நிறுத்த வேண்டிய இயந்திரமானால் பிரேக்கிங் ரெசிஸ்டர் தேவை. ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தால், சப்ளையில் கெப்பாசிட்டர் பேங்க் சேரும் நேரத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்.

அண்டர் வோல்ட், பக்கத்தில் பெரிய மோட்டார் கிளம்பும் நொடியிலோ ஜெனரேட்டருக்கு மாறும்போதோ வந்தால் காரணம் வெளிப்படை. அப்படியில்லாமல் லோடு ஏறும்போது மட்டும் வந்தால், உள்ளே வரும் ஒரு ஃபேஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள். லோடு குறைவாக இருக்கும்போது இரண்டு ஃபேஸ்களிலேயே டிரைவ் அமைதியாக ஓடும். நெல் விழத் தொடங்கியதும் நின்றுவிடும்.

டிரைவ் சூடேறி நிற்கிறது

பெரும்பாலான டிரைவ்களின் முழுத்திறன், சுற்றுப்புறம் 40 டிகிரி வரை இருக்கும் என்ற கணக்கில் சொல்லப்பட்டது. அக்கினி நட்சத்திர நாட்களில் தகரக் கூரையின் கீழே, நெல் அவிக்கும் அண்டாவுக்குப் பத்தடி தூரத்தில் நிற்கும் பேனலுக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது எளிது. உமித் தூசி வடிகட்டியையும் வெப்பத் தகட்டின் இடுக்குகளையும் அடைத்துவிடும். ஆவியின் ஈரம் அதைப் பசைபோல ஒட்டவைக்கும். காற்றை ஊதிச் சுத்தம் செய்வதை விட உறிஞ்சி எடுப்பதே நல்லது, ஏனென்றால் ஊதினால் தூசி மின்தகட்டின் அடியில் போய் அமர்கிறது. விசிறி சுற்றுகிறதா என்பதோடு நில்லாமல், சரியான வேகத்தில் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். மோட்டாரின் கீச்சொலியைக் குறைப்பதற்காகச் சுவிட்சிங் அதிர்வெண்ணைக் கூட்டி வைத்திருந்தால் அதைக் குறையுங்கள். டிரைவின் சூடு உடனே இறங்கும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகிறது. பேனலை ஆவிக்கு எட்டாத சுவருக்கு நகர்த்துவது சில மீட்டர் கேபிள் செலவில் டிரைவின் ஆண்டுகளைக் கூட்டும்.

இதே கெப்பாசிட்டர்களைப் பற்றி இன்னொன்று. மாற்றுக்காக வாங்கி ஓராண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்த டிரைவுக்கு நேரடியாக முழு வோல்ட் கொடுக்கக் கூடாது. அதன் கையேட்டில் சொல்லியபடி வோல்ட்டைப் படிப்படியாக ஏற்றிக் கெப்பாசிட்டரைப் பழக்கிய பிறகே மாட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் எர்த் ஃபால்ட்

ஐப்பசி, கார்த்திகையில் வரும் அழைப்புகளில் பாதி இதுதான். காலையில் கிளப்பினால் எர்த் ஃபால்ட் (மின்சாரம் மண்ணுக்குக் கசியும் பழுது), வெயில் ஏறி ஒன்பது மணியானால் தானாகச் சரியாகிவிடும் என்றால், மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள் இரவுப் பனியும் ஈரமும் இறங்கியிருக்கின்றன. தானாகச் சரியாகிறது என்று விட்டுவிடக் கூடாது. ஈரமும் தூசியும் சேர்ந்து முனைகளுக்கு நடுவே கருமையான பாதை வரைந்துவிடும், பிறகு வெயிலடித்தாலும் அது போகாது. பெட்டியின் ரப்பர் பட்டையை மாற்றி, கேபிளைக் கீழ்ப்பக்கமாக நுழைத்து, அதற்கு முன் ஒரு தொங்கு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

மெக்கரில் 500 வோல்ட் போட்டு ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். பழைய கணக்கில் 1.4 மெகாஓம் போதும் என்பார்கள். இத்தகைய சிறு மோட்டார்களுக்கு 5 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் நான் ஓட்ட விடுவதில்லை. ஒரு நிமிடம் கழித்துப் பார்த்த அளவும் பத்து நிமிடம் கழித்துப் பார்த்த அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றால், காயில் ஈரமாகவோ அழுக்காகவோ இருக்கிறது. மூடியைக் கழற்றி, விளக்கு வெப்பத்தில் காயில் 80 டிகிரியைத் தாண்டாமல் காயவைத்து மறுபடி அளக்க வேண்டும்.

ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்கு டிரைவ் வைத்தவர்கள் கவனிக்க வேண்டியது கேபிளின் நீளம். டிரைவின் வெட்டு வெட்டான மின் அலை, நீண்ட கேபிளின் கடைசியில் மோதித் திரும்பும்போது, மோட்டார் முனையில் டிசி வோல்ட்டின் இருமடங்கு வரை, அதாவது 1,100 வோல்ட்டுக்கு மேல் எழும். சாதாரண காயிலின் காப்பு அதைத் தாங்காமல் முதல் சில சுற்றுகளிலேயே துளைபடும். கேபிள் அத்தனை நீளமானால் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே வடிகட்டி ஒன்று அவசியம்.

எர்த் குழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டின் செம்பூரான் கல் கலந்த மண், மழையில் நன்றாக இருந்து கோடையில் வறண்டு இறுகிவிடும். மார்கழியில் நல்ல அளவு காட்டிய எர்த், சித்திரையில் பல மடங்கு மோசமாக இருக்கும். ஆகவே எர்த்தை அளப்பதானால் கோடையில் அளந்து, அந்த எண்ணையே உண்மை என்று கொள்ளுங்கள்.

வேகம் தானே ஏறி இறங்குகிறது

டிரைவுக்கு வேகக் குறிப்பைக் கொண்டுவரும் 4–20 மில்லிஆம்பியர் சிக்னல் வயரும் மோட்டார் கேபிளும் ஒரே குழாயில் போகின்றனவா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி வேண்டும். குறுக்கிட்டாக வேண்டுமானால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். சிக்னல் வயரின் உலோக உறையை டிரைவ் பக்கத்தில் மட்டும் எர்த் செய்யுங்கள். டிரைவ் மாட்டிய சில மாதங்களில் பேரிங் ஊளையிடத் தொடங்கி, திறந்து பார்க்கும்போது பந்தோடும் பாதையில் ஏணிப்படி போன்ற கோடுகள் இருந்தால், தண்டு வழியே மின்சாரம் பாய்ந்திருக்கிறது. பேரிங்கை மட்டும் மாற்றினால் அது திரும்ப வரும். மோட்டாருக்கும் டிரைவுக்கும் நேரடி எர்த் இணைப்பைச் சரிசெய்து, காப்புள்ள பேரிங் போட வேண்டும்.

எப்போதாவது மட்டும் நிற்கிறது

எல்லாவற்றிலும் கடினமானது இது. நாம் போகும்போது ஓடும். நாம் திரும்பிய பிறகு நிற்கும். இதற்கு நான் முதலில் செய்வது, ஒவ்வொரு இணைப்பிலும் வோல்ட் இறக்கத்தைப் பார்ப்பது. லோடு ஓடும்போது, காப்புள்ள முனைகளும் தகுந்த தரமும் உள்ள மீட்டரை மில்லிவோல்ட் அளவுக்கு வைத்து, வயர் நுனியில் நசுக்கிப் பொருத்திய லக்கின் ஒரு முனையையும் டெர்மினலின் மறுபக்கத்தையும் தொட்டு மூன்று ஃபேஸ்களையும் ஒப்பிட வேண்டும். மீட்டர் முனை தவறி வேறு ஃபேஸைத் தொட்டால் பெரும் விபத்தாகும் வேலை இது. பழகாதவர்கள் செய்ய வேண்டாம். இரண்டில் 10 மில்லிவோல்ட்டும் ஒன்றில் 200 மில்லிவோல்ட்டும் இருந்தால் பழுது அந்த ஒன்றில். 40 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.2 வோல்ட், அந்தச் சிறு திருகின் மேலேயே 8 வாட் சூட்டை உண்டாக்குகிறது. சூடேறி விரியும், ஆறிச் சுருங்கும், ஒவ்வொரு நாளும் சற்றே தளரும்.

இப்படிப்பட்ட இணைப்புகளில் பாதி, அலுமினியக் கேபிளைச் செம்பு டெர்மினலில் நேரடியாக இறுக்கியவை. இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே ஈரம் புகுந்தால் அது ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் அரிக்கப்படும். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-ஆம் ஆண்டு முதல் நம் காரைக்குடியிலேயே இயங்கிவருகிறது. அப்படியிருக்க, அதைச் சுற்றியுள்ள ஆலைகளின் பேனல்களில் இந்த அரிப்பைக் காணும்போது எனக்கு மனம் வருந்துகிறது. இரு உலோக லக் போட்டு, முனையைத் தேய்த்து, அரிப்பைத் தடுக்கும் பசை தடவி, சரியான கருவியால் நசுக்கினால் போதும். சுத்தியலால் தட்டிய லக் லக்கே அல்ல.

பழுது தெரிந்து, நீக்கிய பிறகு, லோடு இல்லாமல் ஒரு முறையும் முழு லோடில் அரை மணி நேரமும் ஓட்டி, மூன்று வோல்ட், மூன்று ஆம்பியர், மெக்கர் அளவு, ரிலே வைத்திருக்கும் எண், தேதி ஆகியவற்றைப் பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டிய தாளில் எழுதுங்கள். அடுத்த முறை இரவு பதினொரு மணிக்கு அந்தக் கதவைத் திறக்கும் ஒருவருக்கு, அது நீங்களாக இருந்தாலும் வேறு எவராக இருந்தாலும், இன்றைய ஆம்பியர் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்ல அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.